ஈரத்துக்குக் கழித்தது

குவாலா கெட்டில் பாசார் மாலாமில்
சோளம் வேகும் வண்டிக்குப் பக்கத்தில்
கறுப்புப் பைக்குள் ஒரு குச்சி, நான்கு இலை.
எட்டு வெள்ளி என்றாள் சீனக்காரி.
என்ன பூ?
“முதல் நாள் வெள்ளி, மறுநாள் தங்கம்”
என்றாள் மலாயில், சில்லறை எண்ணியபடி.
எட்டு வெள்ளிக்குத் தங்கம் தருகிறவளிடம்
பேரம் பேசக் கூடாது.
ஏழு கொடுத்தேன்.

ஹனிசக்கிள் என்றான் தர்வின், கைப்பேசியில் பார்த்து.
தமிழில் என்னவாம்?
தேடினான். “நீயே வெச்சுக்கோம்மா.”
கொடி என்றே கூப்பிட்டேன்.

எனக்கு வேலை ஆலையின் எடைமேடையில்.
செம்பனைக் குலையோடு லாரி ஏறும்,
எண் எரியும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு வரும், மறுபடி எழுதுவேன்.
காம்பு நீளமென்றால் கழிப்பேன்,
பழுக்காததற்குக் கழிப்பேன்,
மழை நாளில் ஈரத்துக்குக் கழிப்பேன்.
ஓட்டுநர்கள் என் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே
கண்ணாடியை ஏற்றுவார்கள்.
பதினோரு வருடம்.

ஏதாவது ஒன்று கூடுவதைப் பார்க்க
ஆசைப்பட்டு நட்டேன் என்று சொல்லலாம்.
அப்படியெல்லாம் இல்லை.
பின்பக்கக் கம்பிவேலி துருவேறிவிட்டது,
அதற்கு மேல் அதே ஆலையின் புகைபோக்கி,
விடுமுறை நாளிலும்.
மறைக்க ஏதோ வேண்டியிருந்தது.

ஆலையில் சும்மா கிடைக்கும் வெறுங்குலைச் சக்கையை
மோட்டார் சைக்கிளில் கட்டிவந்து வேரை மூடினேன்.
தண்டை வலப்பக்கமாய்ச் சுற்றிவிட்டால்
காலையில் அவிழ்ந்து தொங்கும்.
தானே ஏறும்போது இடப்பக்கம்.
மூன்றாம் நாள் கையை எடுத்துவிட்டேன்.
“உன் புத்திதான் அதுக்கும்” என்றான் மகன்.

பத்து மாதம் இலை.
புகைபோக்கி பாதி மறைந்தது.
பூ கிடையாது.

பிறகு ஒரு பின்னிரவு வேலை முடிந்து வருகிறேன்.
ஆலைக் குளத்தின் புளித்த வாடை
இந்த ஊரில் யாருக்கும் தெரியாது,
விருந்தாளிகளுக்கு மட்டும்தான் மூக்கு உண்டு.
அன்று அந்த வாடையில் ஒரு கிழிசல்.
கிழிசலுக்கு அந்தப் பக்கம் இனிப்பு.
தலைக்கவசத்தோடு நின்று
விளக்கடித்துத் தேடினேன் வேலி முழுக்க.
இலை. இலை. ஒரு பல்லி.

விடிந்ததும் சுற்றிக்கொண்டு போனேன்,
என்சிக் ஜமாலுதீன் வீட்டு வாசல் வழியாய்.
மேற்கு வெயில் அவர் பக்கம்.
பூவும் அவர் பக்கம்,
இரண்டிரண்டாய், ஒரே கொப்பில்
நேற்றையது மஞ்சள், இன்றையது வெள்ளை.
பேருந்து ஓட்டி ஓய்ந்தவர்,
காரின் கூரைமேல் தட்டில் எதையோ உலர்த்திக்கொண்டிருந்தார்.
என்னைக் கண்டதும்
தட்டை மறைக்கலாமா என்று யோசித்தது அவர் கை.

மொட்டுகள்.
திறக்குமுன் பறித்துக் காயவைத்தால்
சீன மருந்துக்கடையில் எடுத்துக்கொள்வார்களாம்,
சளிக்கு, தொண்டைக்கு.
நாலு மாதமாய்ப் போகிறதாம்.
சொல்ல வேண்டுமென்றுதான் இருந்தாராம்.
“வேர் உன்னுடையது, பாதி உனக்கு.”

அப்படியென்றால் எனக்கு மணத்தது
அவர் கை எட்டாத உயரத்தில் இருந்த
ஏழெட்டுப் பூ.

அடுப்படித் தராசை அவரே கொண்டுவந்தார்,
என் தொழில் தெரிந்தவர்.
இன்று பறித்தது நாற்பது கிராம்.
போன வாரம் இதே நாற்பது,
காய்ந்தபின் எட்டு.
நான் இரண்டு முறை வைத்துப் பார்த்தேன்.
எட்டுதான்.
முப்பத்திரண்டு எங்கே என்று கேட்டேன்.
“ஈரம்” என்றார், சிரித்தார்,
“உனக்குத் தெரியாததா.”

பணம் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.
மேலே இருப்பதற்கு ஏணி வைக்க வேண்டாம் என்றேன்.
பாம்பு வரும் என்றார்.
வரட்டும், அதற்கும் பாதி.

அன்று மழை.
முதல் லாரியின் தார்ப்பாயிலிருந்து நீர் வழிந்தது.
பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்,
பிறகு வழக்கம்போல் இரண்டு விழுக்காடு கழித்தேன்.
ஓட்டுநர் என் அம்மாவை நினைவுகூர்ந்தார்.

மாலையில் ஒரே ஒரு கிளையை
என் பக்கம் வளைத்துக் கட்டியிருக்கிறேன்,
இடப்பக்கமாய்த்தான்.
காலையில் பார்க்க வேண்டும்.